மண்ணுக்குள் தமிழகம் – 17: கல்லமேட்டில் கிடைத்த ஒற்றைப் பல்

1863 மே 30. பல்லாவரம் ராணுவக் குடியிருப்பை ஒட்டிய சரளைக் குழி ஒன்றில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் இளம் அதிகாரி ராபர்ட் புரூஸ் ஃபுட் குனிந்து ஒரு கல்லை எடுத்தார். மனிதக் கை செதுக்கிய கல் அது. இந்தியாவின் பழைய கற்கால வரலாறு அந்தக் குழியிலிருந்துதான் தொடங்குகிறது. அஸ்தினாபுரத்திலிருந்து ராஜேந்திர பிரசாத் சாலை வழியாகக் குரோம்பேட்டை வந்து ஜி.எஸ்.டி. சாலையில் வடக்கே திரும்பினால் அடுத்த ஊர் பல்லாவரம். இந்தக் கதையைச் சென்ற வாரம் விரிவாகப் பார்த்தோம்.

அதே 1863-இல் லண்டனில் இன்னொரு கட்டுரை அச்சேறியது. ஜெர்மனியின் சுண்ணாம்புக்கல் குவாரி ஒன்றில் கிடைத்த விசித்திரமான உயிரினத்தைப் பற்றி உடற்கூறு அறிஞர் ரிச்சர்ட் ஓவன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் எழுதிய கட்டுரை. சிறகு உண்டு. ஆனால் பல்லியைப் போல நீண்ட எலும்பு வாலும் உண்டு. சிறகின் முனையில் நகத்தோடு கூடிய விரல்களும் உண்டு. அதன் பெயர் ஆர்க்கியோப்டெரிக்ஸ். மனிதன் எவ்வளவு பழையவன் என்ற கேள்வியும், பறவை எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் ஒரே ஆண்டில் உலகத்தின் இரண்டு மூலைகளில் திறந்துகொண்டன. முதல் கேள்வியில் பல்லாவரத்துக்குப் பங்கு உண்டு. இரண்டாவதிலும் தமிழ் மண்ணுக்குப் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. இந்த வாரம் அதைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். அஸ்தினாபுரத்திலோ தாம்பரத்திலோ எவ்வளவு ஆழம் தோண்டினாலும் டைனோசர் எலும்பு கிடைக்காது. போர்வெல் போடுகிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த அந்தக் கடினமான கருநிறப் பாறை, சார்னோக்கைட். பரங்கிமலையும் பல்லாவரம் குன்றுகளும் அதனால் ஆனவை. வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவான பாறை. எலும்புள்ள உயிர் எதுவும் உலகில் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே அது இறுகிவிட்டது. புதைபடிவம் வேண்டுமென்றால் ஆற்று வண்டலும் கடல் சேறும் அடுக்கடுக்காகப் படிந்த இடத்துக்குப் போக வேண்டும். மேற்கே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் அப்படிப்பட்ட படிவுகள் உண்டு. கிரிட்டேசியஸ் காலத்தின் தொடக்கத்தில் வாழ்ந்த தாவரங்களின் இலைகள் அங்கே கல்லில் பதிந்திருக்கின்றன. தெற்கே போனால் அரியலூர்.

ஜெர்மனிக்கு வருவோம். பவேரியாவின் சோல்ன்ஹோஃபென் பகுதியில் வெட்டப்படும் சுண்ணாம்புக்கல் தகடு தகடாகப் பிரியும். மாவு போல மென்மையான துகள் கொண்டது. கல்லச்சு முறையைக் கண்டுபிடித்த அலாய்ஸ் செனஃபெல்டர் பயன்படுத்தியது இந்தக் கல்லைத்தான். பிறகு உலகமெங்கும் அச்சகங்களுக்கு அது ஏற்றுமதியானது. 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே வெதுவெதுப்பான, ஆழமில்லாத உப்பங்கழி இருந்தது. அதில் விழுந்து இறந்தவை அந்த மென்சேற்றில் ஒரு மயிரிழை கூடக் கலையாமல் பதிந்தன. அச்சுக்காகக் கல்லைப் பிளந்த தொழிலாளர்கள் கண்ணில்தான் அவை முதலில் பட்டன.

1861-இல் ஹெர்மன் ஃபான் மையர் ஓர் ஒற்றை இறகை விவரித்து அறிவித்தார். அதே ஆண்டு லாங்கென்அல்தைம் அருகே ஏறக்குறைய முழு எலும்புக்கூடே கிடைத்தது. அது கார்ல் ஹேபர்லைன் என்ற மருத்துவர் கைக்குப் போனது. குவாரித் தொழிலாளர்களிடம் வைத்தியக் கூலிக்குப் பதிலாகப் புதைபடிவம் வாங்கிக்கொள்ளும் வழக்கம் அவருக்கு உண்டு. அவர் தன் சேகரிப்போடு சேர்த்து அதை விற்றார். லண்டன் அருங்காட்சியகம் கொடுத்த விலை 700 பவுண்டு. அன்றைக்கு அது பெருந்தொகை. டார்வின் உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூலை வெளியிட்டு இரண்டே ஆண்டு ஆகியிருந்த நேரம். ஓர் இனத்துக்கும் மற்றோர் இனத்துக்கும் இடைப்பட்ட உயிர் எங்கே, காட்டுங்கள் என்று எதிர்ப்பாளர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாதி ஊர்வன, பாதி பறவை என்று சொல்லத்தக்க ஓர் உயிர் கல்லிலிருந்து வெளியே வந்து நின்றது.

ஓவன் டார்வினின் கருத்தை ஏற்காதவர். அவர் அதைப் பறவை என்று மட்டும் சொல்லி முடித்துக்கொண்டார். தாமஸ் ஹக்ஸ்லி விடவில்லை. அதே சோல்ன்ஹோஃபென் கல்லில் கிடைத்த காம்ப்சோக்னதஸ் என்ற சிறிய டைனோசரை ஆர்க்கியோப்டெரிக்ஸின் பக்கத்தில் வைத்து, 1868-இல் இரண்டுக்கும் உள்ள உறவை எடுத்துச் சொன்னார். இடுப்பும் காலும் கணுக்காலும் பொருந்தின. பறவைகள் டைனோசர் வழி வந்தவை என்ற எண்ணம் அப்படி வலுப்பெற்றது. 1870-களில் ஐக்ஸ்டாட் அருகே கிடைத்து, இப்போது பெர்லினில் இருக்கும் இன்னொரு படிவம் பல் வரிசையோடு கூடிய தலையையும் காட்டியது.

இவ்வளவு தெளிவாகத் தொடங்கிய வழக்கு பிறகு ஏறத்தாழ அரை நூற்றாண்டு தடம் மாறியது. காரணம் ஓர் எலும்பு. கோழிக்கறி வாங்கும்போது நெஞ்சுப் பகுதியின் முன்புறம் ஆங்கில ‘வி’ எழுத்தைப் போல ஒரு மெல்லிய எலும்பு வருமே, அதுதான். நமக்கு இரண்டு பக்கமும் தனித்தனியாக இருக்கும் காறை எலும்புகள் பறவைக்கு நடுவில் ஒன்றாக இணைந்திருக்கின்றன. டென்மார்க்கைச் சேர்ந்த கெர்ஹார்ட் ஹைல்மன், பறவைகளின் தோற்றம் குறித்து 1926-இல் ஆங்கிலத்தில் வந்த தன் நூலில், பறவைக்கு மிக நெருக்கமானவை இரண்டு காலில் நடந்த ஊனுண்ணி டைனோசர்களே என்று பக்கம் பக்கமாகக் காட்டிவிட்டு, அவற்றுக்குக் காறை எலும்பு இல்லையே என்ற ஒரே காரணத்தால் அந்த உறவை நிராகரித்தார். ஒருமுறை இழந்த எலும்பு பரிணாமத்தில் திரும்ப வராது என்பது அவர் வாதம். ஆகவே இரண்டுக்கும் பொதுவான, இன்னும் பழைய மூதாதை ஒன்று இருந்திருக்க வேண்டும் என்றார். உலகமும் ஏற்றுக்கொண்டது. உண்மையில் அந்த எலும்பு டைனோசர்களுக்கு இருந்தது. மங்கோலியாவில் கிடைத்த ஓவிராப்டரில் அது அப்போதே கண்ணெதிரே இருந்தது; வேறு எலும்பு என்று பெயர் எழுதி வைத்திருந்தார்கள்.

வழக்கை மீண்டும் திறந்தவர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து ஜான் ஆஸ்ட்ரம். 1964-இல் மொன்டானாவில் டைனோனிகஸ் என்ற வேட்டை டைனோசரின் எலும்புகளைக் கண்டெடுத்து, 1969-இல் விவரித்தார். அதன் மணிக்கட்டில் அரைநிலா வடிவில் ஒரு சிற்றெலும்பு இருந்தது. அந்த எலும்பு இருந்ததால் கை பக்கவாட்டில் மடங்கியது. பறவை சிறகை மடக்குவதும் அப்படித்தான். சமைப்பதற்கு முன் ஒரு கோழிச் சிறகை எடுத்து மடக்கி விரித்துப் பாருங்கள். மேல்கை, முன்கை, பிறகு அந்த மணிக்கட்டு, அதற்கப்பால் ஒன்றோடொன்று ஒட்டிப்போன விரல்கள். ஆர்க்கியோப்டெரிக்ஸில் அந்த மூன்று விரல்களும் தனித்தனியே, நகத்தோடு இருந்தன. டைனோனிகஸிலும் அப்படியே.

1970-இல் ஆஸ்ட்ரம் நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் உள்ள டெய்லர்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போனார். அங்கே பறக்கும் ஊர்வன என்று எழுதி வைத்திருந்த ஒரு பழைய கல்லைச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தபோது இறகுத் தடம் தெரிந்தது. அது ஆர்க்கியோப்டெரிக்ஸ் என்று அறிவித்தார். 1855-இலேயே கண்டெடுத்த கல் அது. டார்வின் நூல் வருவதற்கும் முன்னால்! யாரும் அடையாளம் காணாமல் நூறாண்டுக்கு மேல் அலமாரியில் கிடந்திருக்கிறது. கதை அங்கேயும் முடியவில்லை. 2017-இல் அதே கல்லை மறுபடி ஆராய்ந்தவர்கள், இது ஆர்க்கியோப்டெரிக்ஸே இல்லை, சீனாவில் கிடைத்த ஆங்கியோர்னிஸ் என்ற இறகுள்ள டைனோசருக்கு உறவு என்று சொல்லி, ஆஸ்ட்ரமின் பெயராலேயே ஆஸ்ட்ரோமியா என்று பெயரிட்டார்கள்.

சீனா என்று சொன்னேன். 1996-இல் லியாவ்னிங் மாகாணத்திலிருந்து வந்த சைனோசாரோப்டெரிக்ஸ்தான் பறவையல்லாத டைனோசர்களில் இறகுத் தூவி தெளிவாகப் பதிந்த முதல் படிவம். அதன் புகைப்படத்தை நியூயார்க் கூட்டம் ஒன்றில் ஆஸ்ட்ரம் கண்ணால் பார்த்தார். அவர் சொன்னது சரி என்று கல்லே சொன்ன நாள் அது. அடுத்தடுத்து காடிப்டெரிக்ஸ், கை கால் நான்கிலும் சிறகிறகு கொண்ட மைக்ரோராப்டர், 2009-இல் ஆங்கியோர்னிஸ். இறகுக்குள் பதிந்திருந்த நிறமித் துகள்களை நுண்ணோக்கியில் பார்த்து, 2010-இல் ஆங்கியோர்னிஸின் கொண்டை செந்நிறம் என்று கூடச் சொல்லிவிட்டார்கள். லியாவ்னிங்கின் படிவங்கள் பலவும் கிரிட்டேசியஸ் தொடக்கக் காலத்தவை. ஸ்ரீபெரும்புதூர் இலைகளும் அதே யுகத்தவை. ஒரகடம் சாலையில் போகும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வரும்.

இப்போது கேள்வி திசை மாறிவிட்டது. பறவை டைனோசரிலிருந்து வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. டைனோசர் எங்கே முடிகிறது, பறவை எங்கே தொடங்குகிறது என்று கோடு போடத்தான் முடியவில்லை. 2011-இல் ஷு ஷிங் குழுவினர், ஆர்க்கியோப்டெரிக்ஸையே பறவைக் கிளையிலிருந்து எடுத்து டைனோனிகஸ் பக்கம் வைத்தார்கள். பிறகு வந்தவர்கள் திரும்பப் பறவைக் கிளையில் வைத்தார்கள். ஆங்கியோர்னிஸைச் சிலர் ட்ரூடான் குடும்பத்தில் சேர்த்தார்கள். வேறு சிலர் தொடக்கப் பறவை என்கிறார்கள். இந்தத் தடுமாற்றத்தைக் குறையாக எண்ணக் கூடாது. இடைப்பட்ட உயிர்கள் மிகுதியாகக் கிடைத்துவிட்டதால் வந்த தடுமாற்றம் இது.

ட்ரூடான் குடும்பம் என்ற பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பறவைகளுக்கு மிக நெருங்கிய உறவினரான டைனோசர் குடும்பங்களில் அது ஒன்று. சிறிய உடல், பெரிய கண், உடல் அளவுக்கு மிஞ்சிய மூளை. 2004-இல் சீனாவில் மெய் லாங் என்ற ட்ரூடான் வகைக் குட்டியின் எலும்புக்கூடு கிடைத்தது. அரை மீட்டர் நீளம்தான். கால்களை மடக்கி உட்கார்ந்து, வாலை உடலைச் சுற்றிப் போட்டு, தலையைத் திருப்பிக் கையடியில் செருகி, உறங்கிய நிலையிலேயே அது கல்லாகியிருக்கிறது. இரவில் கூரையேறிய நாட்டுக்கோழியைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

இந்தக் குடும்பம் உலகுக்கு அறிமுகமானது ஒரே ஒரு பல்லால். 1856-இல் அமெரிக்க அறிஞர் ஜோசப் லைடி, மொன்டானாவில் கிடைத்த ஒற்றைப் பல்லுக்கு ட்ரூடான் என்று பெயர் வைத்தார். அப்போது அதைப் பல்லி என்றே நினைத்தார்கள். நம் கதையும் ஒற்றைப் பல்தான்.

தாம்பரத்தில் திருச்சி போகும் கார்டு லைன் ரயில் ஏறினால் விழுப்புரம், விருத்தாசலம் தாண்டி அரியலூர். சிமென்ட் ஆலைகளுக்குப் பெயர் போன மண். அந்த ஆலைகளுக்குத் தீனி போடும் சுண்ணாம்புக்கல், கிரிட்டேசியஸ் கடல் விட்டுச் சென்றது. கடல் முன்னேறிப் பின்வாங்கிய கணக்கு முழுவதும் அங்கே பாறை அடுக்குகளில் எழுதியிருக்கிறது. 1862-இல் எச்.எஃப். பிளான்ஃபோர்டு இந்தப் பாறைகளைப் பற்றிய விரிவான அறிக்கையை வெளியிட்டார். 1929-இல் சி.ஏ. மாட்லி திருச்சி மாவட்டத்து டைனோசர்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். கிரிட்டேசியஸ் முடியும் தறுவாயில் கடல் விலகி, ஆறு கொண்டுவந்த மணலும் களிமண்ணும் படிந்த அடுக்குக்கு அங்குள்ள கல்லமேடு என்ற ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

கல்லமேட்டில் பெரும் பெயர் பெற்றது புருகத்காயோசாரஸ். நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த பி. யாதகிரியும் கே. அய்யசாமியும் 1980-களின் இறுதியில் விவரித்த ராட்சத உயிர். அதன் கணைக்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம் என்று அவர்கள் பதிவு செய்தார்கள். முதலில் ஊனுண்ணி என்று கருதப்பட்டு, பிறகு நீள்கழுத்துத் தாவர உண்ணி என்று திருத்தப்பட்டது. உலகில் நடந்த மிகப் பெரிய உயிர்களில் ஒன்றாக அது இருந்திருக்கலாம். ஆனால் அந்த எலும்புகள் இன்று இல்லை. பொதிந்து எடுத்துவரும் வழியிலேயே நொறுங்கிப்போயின. சில கோட்டோவியங்களும் பழைய புகைப்படங்களுமே மிச்சம். இதை எழுதும்போது எனக்கு மனம் ஆறவில்லை. ஏழு கோடி ஆண்டு மண்ணுக்குள் தாங்கிய எலும்பு, நம் கைக்கு வந்த பிறகு தாங்கவில்லை.

பெரிய எலும்பு போனது. சிறிய பல் நிலைத்தது. ஜி.வி.ஆர். பிரசாத்தும் அஞ்சலி கோஸ்வாமியும் இடம்பெற்ற குழு கல்லமேட்டில் தேடியது கையகல எலும்புகளையல்ல, கண்ணுக்கு எளிதில் படாதவற்றை. இத்தகைய வேலை பொறுமையைச் சோதிப்பது. மண்ணை மூட்டை மூட்டையாக அள்ளி, நீரில் ஊறவைத்து, மெல்லிய சல்லடைகளில் அலசி, காயவைத்து, எஞ்சிய துகள்களை நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். பெரும்பாலும் வெறும் மணல்தான் கிடைக்கும். கல்லமேட்டு மண்ணில் ஒரு சிறிய பல் கிடைத்தது. அதன் பின்விளிம்பில் கருக்கரிவாளின் பற்களைப் போல, பல்லின் நுனியை நோக்கி வளைந்த பெரிய கூர்கள். ட்ரூடான் குடும்பத்தின் அடையாளமாகச் சொல்லப்படும் விளிம்பு அது. 2013-இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் அதைப் பற்றிய கட்டுரை வெளியானது.

ஏன் அதற்கு அவ்வளவு மதிப்பு? அதுவரை ட்ரூடான் குடும்பம் வட அமெரிக்கா, ஆசியா போன்ற வடநிலங்களுக்கு உரியது என்றே எண்ணியிருந்தார்கள். அன்றைய இந்தியாவோ ஆசியாவின் பகுதியே அல்ல. ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கரிலிருந்து பிரிந்து, நடுக்கடலில் வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த தனித் தீவு. அந்தத் தீவின் தென்கோடி ஆற்றங்கரையில் இந்த உயிருக்கு என்ன வேலை? கண்டங்கள் பிரிவதற்கு முன்பே, ஜுராசிக் காலத்திலேயே, இந்தக் குடும்பம் தெற்கிலும் பரவியிருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்கள் தந்த விடை. பறவைகளின் நெருங்கிய உறவுக் குடும்பம் அவ்வளவு பழையது, அவ்வளவு அகலமாகப் பரவியது என்றால், பறவைக் கிளையும் வடக்கில் மட்டுமே வளர்ந்தது என்று சொல்வதற்கில்லை.

ஒற்றைப் பல்லை வைத்துப் பெரிய மாளிகை கட்டக் கூடாது என்பதும் சரியான எச்சரிக்கைதான். வேறுபட்ட டைனோசர்களுக்கும் ஒத்த பல் அமைவது உண்டு. டெக்சாஸில் கொல்கத்தாக்காரரான சங்கர் சாட்டர்ஜி கண்டெடுத்து 1991-இல் பெயரிட்ட புரோடோவிஸ் இதற்குப் பாடம். ஆர்க்கியோப்டெரிக்ஸை விடப் பல கோடி ஆண்டு பழைய பறவை என்று அவர் வாதிட்டார். சிதறிய, நசுங்கிய எலும்புகள் அவை. பல விலங்குகளின் துண்டுகள் கலந்தவை என்று பெரும்பாலான அறிஞர்கள் ஒதுக்கிவிட்டார்கள். அதே சாட்டர்ஜி இடம்பெற்ற குழு கல்லமேட்டு ஆமை ஒன்றை விவரித்து, 2001-இல் ‘கூர்மடெமிஸ் கல்லமெடென்சிஸ்’ என்று பெயரிட்டது. அந்தப் பெயர் உறுதியாக நிற்கிறது. முழுமையான எலும்பு கிடைத்தால் வழக்கு நிற்கும், சிதைந்தது கிடைத்தால் ஆடும்.

என் கருத்து இது: கல்லமேட்டில் தேடுதல் போதவில்லை. அதே காலப் பாறை மடகாஸ்கரில் என்ன தந்திருக்கிறது என்று பாருங்கள். 1998-இல் விவரிக்கப்பட்ட ரஹோனாவிஸ்: முன்கையில் சிறகிறகு பொருந்திய புடைப்புகள், காலில் டைனோனிகஸின் அரிவாள் நகம். இன்னும் பல தொடக்கக் காலப் பறவைகளும் அங்கே உண்டு. அன்டார்டிகாவின் வேகா தீவில் வாத்துக்கு உறவான வேகாவிஸ் கிடைத்தது. அதுவும் கிரிட்டேசியஸ் கடைசிக் காலம். இரண்டு நிலங்களும் ஒரு காலத்தில் இந்தியாவோடு ஒட்டியிருந்தவை. இந்தியாவிலோ, 2007-இல் குஜராத்தின் வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து விவரித்த பறவை எலும்புகளே இந்தத் துணைக்கண்டத் தட்டின் மிகப் பழையவை என்று அறிவிக்கப்பட்டன. அவை டைனோசர்கள் அழிந்து ஒரு கோடி ஆண்டுக்கும் மேல் கழிந்த பிறகானவை. நடுவில் உள்ள வெற்றிடத்தை நிரப்பும் எலும்பு கல்லமேட்டு மணலில் இருக்கலாம்.

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோ கரையில் விண்கல் விழுந்தது. தக்காணத்தில் எரிமலைக் குழம்பு ஓடிக்கொண்டிருந்த காலம் அது. ட்ரூடான்கள் போயின, புருகத்காயோசாரஸ் போனது, பல்லுள்ள பறவைகளும் போயின. அலகுள்ள சில சிறிய பறவைகள் தப்பின. நன்மங்கலம் காப்புக்காட்டின் பழைய கல்குவாரியில் அடையும் கொம்பன் ஆந்தையும், பள்ளிக்கரணையின் பூநாரையும், செம்பாக்கம் ஏரிக்கரை மடையானும் அந்தத் தப்பியவற்றின் வழியில் வந்தவை. இவை டைனோசர்களின் உறவினர் என்று சொல்வது போதாது. இவையே இன்றைய டைனோசர்கள்.

ஒரு வேண்டுகோள். 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் அருகே தூர்வாரும்போது உருண்டைக் கற்கள் கிடைத்து, டைனோசர் முட்டை என்று கைப்பேசிகளில் செய்தி பறந்தது. நிலவியலாளர்கள் பார்த்து, அம்மோனைட் என்ற கடல் உயிரைச் சுற்றி இறுகிய படிவங்கள் என்று விளக்கினார்கள். முட்டை இல்லை என்றதும் ஊர் கலைந்துவிட்டது. அந்தக் கல்லும் மதிப்புள்ளதுதான். அரியலூர், பெரம்பலூர் பக்கத்து வாசகர்கள் வயலிலோ ஓடையிலோ விசித்திரமான எலும்பையோ பல்லையோ கண்டால் பெயர்த்தெடுக்காதீர்கள், கழுவாதீர்கள். இடத்தோடு படம் எடுத்து, வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்கோ கிண்டியில் உள்ள நிலவியல் ஆய்வுத் துறை அலுவலகத்துக்கோ தெரிவியுங்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரிந்தால்தான் அதன் வயதைச் சொல்ல முடியும். அஸ்தினாபுரம், குரோம்பேட்டை வாசகர்கள் அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை வாரணவாசிக்கு அழைத்துப் போங்கள்.

(தொடரும்)